‘பிராக்டிஸ்டு’ என்ற ஆங்கிலப் பெயரடையை எங்கே, எப்படி ஆள்வது?

பூச்சரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்ச் சிறுகதை ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் பெண்மணி ஒருவர் அதில் வருகிறார். நனைத்த வாழைநாரை இடக்கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு மொட்டை இந்தப் பக்கமும் இரண்டு மொட்டை அந்தப் பக்கமுமாகக் காம்போடு காம்பு சேர்த்து வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்து இறுக்குகிறார்; அதே நேரத்தில் எதிரே நிற்பவரிடம் முழம் என்ன விலை என்று பேசிக்கொண்டும் இருக்கிறார். அவருடைய கண் பூவின் பக்கம் போவதே இல்லை. மூல ஆசிரியர் இதை ‘பழகிய கை’ என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறார்.

நான் ‘பிராக்டிஸ்டு ஹேண்ட்ஸ்’ என்று எழுதினேன். வரைவைப் படித்த நண்பர்கள் இருவர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அப்படி ஒரு பெயரடையே வழக்கில் இல்லை, ‘ஸ்கில்டு’ என்றோ ‘எக்ஸ்பீரியன்ஸ்டு’ என்றோ மாற்றிவிடுங்கள் என்கிறார் ஒருவர். சொல் இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பாசாங்கு தொனிக்கிறது, உழைக்கும் பெண்ணின் கைக்கு அது பொருந்தாது என்கிறார் இன்னொருவர். இதற்கு நடுவில் கணினி வேறு எழுத்துப்பிழை என்று சிவப்புக் கோடு போடுகிறது. இந்தச் சொல்லின் பொருள் எல்லை எது என்று ஆங்கில நடையில் தோய்ந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

வகுப்பறை எழுதியது:

முதல் நண்பர் சொல்வது சரியில்லை. ‘பிராக்டிஸ்டு’ என்பது நெடுங்காலமாக நல்ல ஆங்கில உரைநடையில் வழங்கிவரும் பெயரடை. கை, கண், காது, பேச்சாளர், பொய்யர், லாகவம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு முன்னால் அது இயல்பாக வந்து உட்காரும்.

நம்மில் பலருக்கு அது அந்நியமாகத் தோன்றுவதற்குக் காரணம், ‘பிராக்டிஸ்’ என்ற சொல்லை நாம் பெயராகவும் வினையாகவும் மட்டுமே புழங்குவதுதான். மருத்துவர் பிராக்டிஸ் செய்கிறார், மைதானத்தில் பையன்கள் பிராக்டிஸ் செய்கிறார்கள் என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். அந்தச் செயல் ஒருவரிடம் படிந்து நிலைத்த பிறகு வரும் தன்மையைக் குறிக்க அதே சொல்லை எடுப்பதில்லை.

இனி, உங்கள் நண்பர் சொன்ன மாற்றுச் சொற்கள். இவை ஒன்றுக்கொன்று பதிலி அல்ல. ‘ஸ்கில்டு’ என்றால் திறமை உண்டு என்பது மட்டுமே தெரியும். அது எப்படி வந்தது என்பதைப் பற்றி அந்தச் சொல் எதுவும் கூறாது. ‘டிரெயின்டு’ என்றால் யாரோ ஒருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று பொருள். ‘எக்ஸ்பீரியன்ஸ்டு’ என்பது கழிந்த காலத்தையும் கண்ட சூழ்நிலைகளையும் கணக்கில் கொள்ளும். இருபது ஆண்டுகள் பணியில் இருந்தும் கை வராதவரை அப்படி அழைக்கத் தடை இல்லை. ‘சீசன்டு’ என்பது வெயிலும் மழையும் பார்த்து வைரம் பாய்ந்தவரைக் குறிக்கும்; நாம் பழம் தின்று கொட்டை போட்டவர் என்கிறோமே, ஏறக்குறைய அது. ‘புரொஃபிஷியன்ட்’ என்பது தேர்வு வைத்து அளக்கக்கூடிய தேர்ச்சி, சான்றிதழ்களில் வரும் சொல். ‘அக்காம்ப்ளிஷ்டு’ என்பது உயரம் தொட்டவருக்கு உரியது. இசைக்கலைஞர்களுக்கும் ஓவியர்களுக்கும் அதிகம் வரும்.

‘பிராக்டிஸ்டு’ இவை எல்லாவற்றிலிருந்தும் ஒரு வகையில் விலகி நிற்கிறது. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்ததால், செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் உடம்பு அதைச் செய்து முடிக்கும் நிலையை அது குறிக்கிறது. பார்ப்பவருக்கு அந்த அசைவிலேயே பழைய ஆயிரம் அசைவுகள் தெரிய வேண்டும். நீங்கள் விவரித்த காட்சியில் கண் பூவின் பக்கம் போகாததே இந்தச் சொல்லுக்கான தகுதி என்பேன். அதை ‘எக்ஸ்பீரியன்ஸ்டு ஹேண்ட்ஸ்’ என்று மாற்றினால் ஒரு வேலைவாய்ப்பு விளம்பரத்தின் குரல் கதைக்குள் நுழைந்துவிடும்.

அடிக்குறிப்பு எழுதியது:

சிவப்புக் கோட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பிரித்தானிய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு ‘சி’ எழுத்து, வினைச்சொல்லுக்கு ‘எஸ்’ எழுத்து. நம்முடைய பெயரடை வினையின் இறந்தகால எச்சத்திலிருந்து வருவதால் அங்கே அது ‘எஸ்’ கொண்டுதான் எழுதப்படும். அமெரிக்க ஆங்கிலத்தில் பெயர், வினை, பெயரடை மூன்றுக்குமே ‘சி’ எழுத்துத்தான். உங்கள் கணினியின் மொழித் தேர்வு அமெரிக்க ஆங்கிலத்தில் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தப் பிரிவுக்கு ஒரு வரலாறு உண்டு. நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதியில், பெயருக்கும் வினைக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் இருப்பதே முறை என்று இந்தச் சொல்லின் கீழேயே குறித்திருக்கிறார். ஆனால் அமெரிக்கர்கள் எல்லா இடத்திலும் ‘சி’ பக்கம் சாய்ந்துவிடவில்லை. உரிமம் என்று பொருள்படும் ‘லைசென்ஸ்’ என்ற சொல்லுக்குப் பெயர், வினை இரண்டிலும் அவர்கள் ‘எஸ்’ எழுதுகிறார்கள். ஆகவே ‘அமெரிக்காவுக்குச் சி, பிரிட்டனுக்கு எஸ்’ என்று பொத்தாம்பொதுவாக மனப்பாடம் செய்துகொண்டால் அடுத்த சொல்லிலேயே சறுக்கும்.

உச்சரிப்பில் பெயருக்கும் வினைக்கும் வேறுபாடு கிடையாது. அறிவுரையைக் குறிக்கும் ‘அட்வைஸ்’ என்ற சொல்லில் பெயரின் இறுதி ஒலியும் வினையின் இறுதி ஒலியும் வேறுபடும். அந்தப் பழக்கத்தில் பலர் இங்கேயும் வினையைப் ‘பிராக்டைஸ்’ என்று நீட்டிவிடுகிறார்கள். அது தவறு. இரண்டுமே ‘பிராக்டிஸ்’ தான். பெயரடையின் கடைசி ஒலி வல்லினமான ‘ட்’. ‘கற்றறிந்த’ என்ற பொருளில் வரும் ‘லேர்னெட்’ என்ற பெயரடையைப் போல இன்னொரு அசை கூடாது.

நாடகமேடை எழுதியது:

இரண்டாவது நண்பர் கேட்ட பாசாங்குத் தொனியை நான் தள்ளிவிட மாட்டேன். அது கற்பனை அல்ல. இந்தச் சொல்லோடு நானூறு ஆண்டுகளாக ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஷேக்ஸ்பியரின் ‘தி வின்டர்ஸ் டேல்’ நாடகத்தில் முதல் அங்கம், இரண்டாம் காட்சி. சிசிலியாவின் அரசன் லியோன்டீஸ், தன் மனைவி ஹெர்மயனியும் தன் பால்ய நண்பனான பொகீமிய அரசன் பாலிக்சினீஸும் பேசிக்கொண்டிருப்பதைத் தொலைவிலிருந்து பார்க்கிறான். அவர்கள் கண்ணாடி முன்னால் நின்று பழகியதைப் போன்ற சிரிப்பைச் சிரிக்கிறார்கள் என்று பொருமுகிறான். அங்கே சிரிப்புக்கு முன்னால் வரும் பெயரடை இதே ‘பிராக்டிஸ்டு’ தான். இந்த நாடகம் 1611 மே மாதம் குளோப் அரங்கில் நடிக்கப்பட்டதை சைமன் ஃபோர்மன் என்பவர் பார்த்துக் குறிப்பெழுதி வைத்திருக்கிறார். அச்சில் வந்தது 1623ஆம் ஆண்டின் முதல் தொகுப்பில். ஆக, ‘பயின்ற சிரிப்பு’ என்பது இந்தக் காலத்து விமானப் பணியாளர்களுக்காகவும் அரசியல்வாதிகளுக்காகவும் உண்டான தொடர் அன்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ‘பிராக்டிஸ்’ என்ற பெயர்ச்சொல்லுக்குச் சதி, சூழ்ச்சி என்ற பொருளும் இருந்தது. ‘ஹாம்லெட்’ முடிவில், நஞ்சு தோய்த்த வாளின் வெட்டு தனக்கே திரும்பியதைச் சொல்லி இறக்கும் லேயர்ட்டீஸ் அந்தச் சதியை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறான். அந்தப் பொருள் இன்று பொதுவழக்கிலிருந்து போய்விட்டது. ஆனாலும் சிரிப்பு, கண்ணீர், அனுதாபம் என்று வரும்போது ‘பிராக்டிஸ்டு’ ஏன் உடனே ஐயத்தைக் கிளப்புகிறது என்பதை விளங்கிக்கொள்ள அது சற்று உதவும்.

என்னை மிகவும் கவர்ந்தது வேறு ஒரு செய்தி. ஹெர்மயனி குற்றமற்றவள். அந்தச் சிரிப்பில் ஒத்திகை எதுவும் இல்லை. லியோன்டீஸின் பொறாமைதான் அதில் ஒத்திகையைக் காண்கிறது. இந்தப் பெயரடை பார்க்கப்படுபவரைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு பார்ப்பவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் இந்தச் சொல்லை எடுக்கும்போது, அந்தக் கண் யாருடையது என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. உங்கள் கதையில் பூக்கட்டும் கையைப் பார்ப்பவர் யார்? அவர் வியந்து பார்க்கிறாரா, விலை கூடுதலோ என்ற ஐயத்தோடு பார்க்கிறாரா?

பூச்சரம் எழுதியது:

வியந்து பார்ப்பவர்தான். பக்கத்தில் உட்கார்ந்து கட்டக் கற்றுக்கொள்ள முயலும் பேத்தி. அந்தப் பிள்ளை இறுக்கினால் காம்பு நசுங்குகிறது, தளர்த்தினால் பூ உதிர்கிறது.

நாடகமேடை ஐயா சொன்ன பிறகு இன்னொரு சிக்கல் கண்ணில் படுகிறது. அதே கதையில் பின்னால் ஒரு ஜவுளிக்கடைக் காட்சி வருகிறது. விற்பனையாளர் சேலையை ஒரே வீச்சில் விரித்துப் போடுகிறார். வாடிக்கையாளரைப் பார்த்துப் ‘பழகிப்போன சிரிப்பு’ ஒன்றைச் சிரிக்கிறார். இரண்டு இடத்திலும் மூலத்தில் ‘பழகு’ என்ற வினைதான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஆங்கிலப் பெயரடையைப் போடலாமா? கைக்குப் பாராட்டாக நிற்பது சிரிப்புக்கு ஏன் குறையாகிறது என்பதற்கு ஏதாவது நெறி உண்டா?

வகுப்பறை எழுதியது:

நெறி உண்டு என்றே நினைக்கிறேன், அதை நம் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்ற ஔவையாரின் தனிப்பாடலைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். பெரும்பாலும் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறோம். அந்தப் பாட்டு ஓவியத்தையும் பேச்சையும் கல்வியையும் நடையையும் பழக்கத்தில் வரும் பொருள்களாக ஒரு பக்கம் வைத்துவிட்டு, நட்பையும் கொடையையும் பிறவிக் குணம் என்று மறுபக்கம் வைக்கிறது.

ஆங்கிலப் பெயரடை நடந்துகொள்ளும் விதம் ஏறக்குறைய இந்தப் பிரிவினையைத்தான் பின்பற்றுகிறது. கை, கண், காது, நா ஆகியவை பழக்கத்தால் தேறுவது இயல்பு; அங்கே ‘பிராக்டிஸ்டு’ என்றால் பாராட்டு. சிரிப்பு, கண்ணீர், இரக்கம், நன்றி, மன்னிப்பு ஆகியவை உள்ளத்திலிருந்து அந்த நேரத்தில் எழ வேண்டியவை என்று எதிர்பார்க்கிறோம். அவற்றுக்கு முன்னால் அதே சொல்லை வைத்தால், அவை ஏற்கெனவே பலமுறை நடந்தேறியவை, எனவே இப்போது எழுந்தவை அல்ல என்றாகிவிடுகிறது. பெயரடை மாறவில்லை, அதற்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்தான் பாராட்டா பழியா என்பதைத் தீர்மானிக்கிறது. பொய்யருக்கு முன்னால் வரும்போது நிலைமை இன்னும் கூர்மையாகத் தெரியும்: திறமையைத் திறமை என்று ஒப்புக்கொண்டபடியே அதைக் கண்டிக்கிறது.

தமிழில் ‘கைதேர்ந்த’ என்பதும் இதேபோலத்தான் உழைக்கிறது. கைதேர்ந்த சிற்பி என்றும் சொல்கிறோம், கைதேர்ந்த திருடன் என்றும் சொல்கிறோம்.

ரிஞ்சு எழுதியது:

வகுப்பறை அவர்களின் பிரிவினையில் பெரும்பகுதி சரி. ஆனால் அதை எஃகு வேலியாக ஆக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியரின் நிதானத்தையும், கடும் காற்றில் விமானம் குலுங்கும்போது ஒலிபெருக்கியில் வரும் விமானியின் நிதானத்தையும் ஆங்கிலத்தில் ‘பிராக்டிஸ்டு காம்’ என்று எழுதுகிறார்கள். நிதானம் உள்ளத்தின் பொருள்தான். ஆனாலும் அங்கே அந்தச் சொல் பழி இல்லை. பழகிப் பெற்ற நிதானம் என்பதாலேயே அதன் மேல் நம்பிக்கை வருகிறது. கருவிலேயே அமைந்த நிதானத்தைவிட, பலமுறை சோதிக்கப்பட்ட நிதானத்தை நோயாளி விரும்புவார். எனவே தொழிற்கடமை உணர்ச்சியைக் கட்டி ஆளும் இடங்களில் இந்தச் சொல் மறுபடியும் பாராட்டாகிவிடுகிறது.

காதைப் பற்றியும் ஒரு சொல். நான் எந்திரப் பழுதுபார்ப்பில் இருப்பவன். பம்புசெட்டு ஓடும்போது பேரிங் தேய்ந்திருக்கிறதா, அச்சு விலகியிருக்கிறதா என்பதை ஓட்டத்தின் இரைச்சலிலிருந்தே பிரித்துச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. திருப்புளியின் முனையை உறையின் மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் அணைத்துக் கேட்பார்கள். புதியவருக்கு எல்லாம் ஒரே இரைச்சல். அவர்களுக்கு அதில் ஒரு உரசல் தனியாகக் கேட்கும். ‘பிராக்டிஸ்டு இயர்’ என்று ஆங்கிலத்தில் சொல்வது இதைத்தான். படித்து வருவதும் இல்லை, யாராவது விளக்கிச் சொல்லி வருவதும் இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

மனஓட்டம் எழுதியது:

இதற்கு உளவியலில் தெளிவான விளக்கம் இருக்கிறது. பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் ஆகிய இருவரும் 1967இல் உடற்திறன் கற்றலை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். முதலில் ஒவ்வோர் அடியையும் யோசித்துச் செய்கிறோம். அடுத்துப் பிழைகள் குறைந்து அடிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. மூன்றாவது கட்டத்தில் செயல் தன்னியக்கமாகிறது, கவனம் வேறு வேலைக்கு விடுபடுகிறது. பாட்டி விலை பேசிக்கொண்டே கட்ட முடிவது இந்த மூன்றாவது கட்டத்தில்; காம்பை நசுக்கும் பேத்தி முதல் கட்டத்தில். ‘பிராக்டிஸ்டு’ என்ற பெயரடை மூன்றாவது கட்டத்துக்கே உரியது என்று கொண்டால், எங்கே அது பொருந்தாது என்பதும் தெரிந்துவிடும். இன்னும் கவனித்துக் கவனித்துச் செய்பவர் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அவர் கை ‘பிராக்டிஸ்டு’ ஆகாது, ‘கேர்ஃபுல்’ ஆகலாம்.

தேடல் எழுதியது:

புதிய உறுப்பினர். ஐயம் ஒன்று. அலுவலக மின்னஞ்சல்களில் ‘ஐ ஆம் பிராக்டிஸ்டு டு வேக் அப் எர்லி’ என்பது போன்ற தொடர்களைப் பார்க்கிறேன். அதிகாலையில் எழுந்து பழக்கம் என்ற பொருளில் எழுதுகிறார்கள். இது சரியா? ஒரு வழக்கறிஞரைப் பற்றிச் சொல்லும்போது ‘பிராக்டிஸிங்’ என்பதா, ‘பிராக்டிஸ்டு’ என்பதா?

வகுப்பறை எழுதியது:

முதல் தொடர் தவறு. தமிழில் ‘பழக்கம்’ என்ற ஒரே சொல் திரும்பத் திரும்பச் செய்து கை வந்ததையும் குறிக்கிறது, ஒரு நிலைமை இயல்பாகிப்போனதையும் குறிக்கிறது. ஆங்கிலம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. அதிகாலையில் எழுவது திறமை அன்று, வழக்கம். அதற்கு ‘யூஸ்டு டு’ என்ற தொடரோ ‘அக்கஸ்டம்டு டு’ என்ற தொடரோதான் வேண்டும், அவற்றுக்குப் பின்னால் வினை ‘இங்’ ஈற்றோடு வரும். வெயிலுக்குப் பழகுவதும் காரத்துக்குப் பழகுவதும் அப்படியே.

‘பிராக்டிஸ்டு’ என்பதற்குப் பின்னால் எதில் தேர்ச்சி என்று சொல்ல வேண்டுமானால் ‘இன்’ அல்லது ‘அட்’ என்ற முன்னிடைச்சொல் வரும். கலை, துறை, முறை போன்ற பெயர்களுக்கு ‘இன்’ சற்று முறைமையாக ஒலிக்கும். ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்வதற்கு ‘அட்’ பேச்சுக்கு நெருக்கமாக இருக்கும். கேள்வியைத் தட்டிக்கழிப்பதில் ஒருவர் தேர்ந்தவர் என்றால் ‘பிராக்டிஸ்டு அட் அவாய்டிங்’ என்று எழுதலாம். ‘டு’ போட்டு வினையடியை ஒட்டுவது இந்தச் சொல்லுக்கு ஒவ்வாது.

வழக்கறிஞர் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. ‘பிராக்டிஸிங்’ என்றால் இப்போது தொழில் நடத்துகிறார் என்பது மட்டுமே. அவர் நேற்றுப் பதிவு செய்தவராகவும் இருக்கலாம். மருத்துவர், கட்டடக் கலைஞர் ஆகியோருக்கும், ஒரு சமயத்தின் நெறிகளை நாள்தோறும் கடைப்பிடிப்பவருக்கும் அது வரும். ‘பிராக்டிஸ்டு லாயர்’ என்பது இலக்கணப்படி தவறில்லை என்றாலும் கேட்கக் கொஞ்சம் வெறுமையாக இருக்கும், ஏனென்றால் தொழில் முழுவதையும் ஒரு கை அசைவைப் போல் இந்தச் சொல்லால் பிடிக்க முடியாது. குறுக்கு விசாரணை செய்வதில் பழகியவர் என்று ஒரு செயலுக்குச் சுருக்கினால் சொல்லுக்கு உயிர் வந்துவிடும்.

அதே காரணத்தால், ‘ஷி இஸ் பிராக்டிஸ்டு’ என்று வாக்கியத்தை அங்கேயே முடிப்பதும் அந்தரத்தில் நிற்கும். எதில் என்ற கேள்வி எழும். அசைவு, தொனி, சைகை ஆகியவை எழுவாயாக இருந்தால் மட்டும் அப்படி முடிக்கலாம். ‘அவளுடைய அசைவுகள் பழகியவை’ என்ற வாக்கியம் முழுமையாக நிற்கும். பாட்டையோ உரையையோ எழுவாயாக்கினால் பொருள் மாறிவிடும், அது ஒத்திகை பார்க்கப்பட்டது என்ற வினைப்பொருளுக்கு நழுவும். அங்கே ‘ரிஹர்ஸ்டு’ என்ற சொல்லே தெளிவு.

தொகுப்பாளன் எழுதியது:

மாற்றுக் கருத்தொன்றைப் பதிவு செய்கிறேன். சிறுகதைகளைத் தொகுத்துப் படிக்கும் வேலையில் இருப்பதால் இந்தப் பெயரடையை அளவுக்கு மேல் பார்க்கிறேன். குறிப்பாக ‘வித் பிராக்டிஸ்டு ஈஸ்’ என்ற தொடர். சமையல்காரர் வெங்காயம் நறுக்கினாலும், மருத்துவர் ஊசி போட்டாலும், கொலைகாரன் கத்தியை மடக்கினாலும் எல்லோரும் இதே தொடரோடுதான் செய்கிறார்கள். சொல் சரியானது என்பதில் ஐயமில்லை; தேய்ந்துவிட்டது என்பதிலும் ஐயமில்லை. அது எழுத்தாளரின் வேலையைத் தான் செய்துவிட்டதாகப் பாவனை செய்கிறது, வாசகர் எதையும் பார்ப்பதில்லை.

பூச்சரம் தன் முதல் பதிவில் நார், காம்பு, முழ விலை என்று எழுதிய நான்கு வரிகளே அந்தக் கையை முழுமையாகக் காட்டிவிட்டன. அப்படிக் காட்டிய பிறகு பெயரடை எதற்கு?

பூச்சரம் எழுதியது:

தொகுப்பாளன் அவர்களே, அந்த நான்கு வரிகள் என்னுடையவை. மூலத்தில் பேத்தியின் நசுங்கிய காம்பு இருக்கிறது, கண் பார்க்காதது இருக்கிறது. நாரின் சுற்று இல்லை, ஏனென்றால் மூல ஆசிரியரின் வாசகர்கள் அதை நாள்தோறும் பார்ப்பவர்கள். ஆங்கில வாசகருக்காக அதைச் சேர்ப்பது என் உரிமைக்குள் வருமா என்பதே எனக்குத் தயக்கம். இரண்டு சொல்லில் முடித்தவரின் சுருக்கத்தை நான் நான்கு வரியாக்கினால், பேச்சு நடுவில் கதை நின்றுவிடுகிறது.

நாடகமேடை எழுதியது:

உங்கள் தயக்கம் நியாயமானது. தொகுப்பாளன் சொல்லும் தேய்மானம் ‘ஈஸ்’ என்ற சொல்லோடு சேர்ந்து வரும் தொடருக்கே பெரிதும் பொருந்தும். அதில் லாகவம் என்ற தீர்ப்பை எழுத்தாளரே வழங்கிவிடுகிறார். ‘பிராக்டிஸ்டு ஹேண்ட்ஸ்’ அப்படி அன்று. அது கையில் நிற்கிறது, தீர்ப்பை வாசகரிடம் விட்டுவிடுகிறது. பக்கத்திலேயே பேத்தியின் கையும் இருப்பதால் சொல்லுக்கு வேண்டிய எதிர்நிலையும் கிடைத்துவிடுகிறது. அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜவுளிக்கடைக்காரர் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. ‘பழகிய’ வேறு, ‘பழகிப்போன’ வேறு. ‘போன’ என்ற துணைவினை வந்ததும் ஒரு சலிப்பும் தன்னிச்சையின்மையும் சேர்ந்துவிடுகின்றன. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு நாளில் எத்தனையோ பேரைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து முகம் தானாகச் செய்கிறது. ‘பிராக்டிஸ்டு ஸ்மைல்’ என்று போட்டால் லியோன்டீஸின் கண் உள்ளே வந்துவிடும், கணக்குப் போட்டுச் சிரிக்கிறார் என்று வாசகர் நினைப்பார். ‘ஹாபிச்சுவல்’ என்ற சொல் அந்தக் களைப்பைச் சரியாகத் தரும்.

வகுப்பறை எழுதியது:

ஒப்புகிறேன், ஒரு சேர்ப்போடு. எதிர்த்திசையில், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போதும் இதே கவனம் வேண்டும். ‘பிராக்டிஸ்டு ஸ்மைல்’ என்பதைப் ‘பழகிய சிரிப்பு’ என்று பெயர்த்தால், பழகிய முகம் என்பதைப் போல் ஏற்கெனவே தெரிந்த சிரிப்பு என்று தமிழ் வாசகர் கொள்வார். ‘பயிற்சி பெற்ற சிரிப்பு’ என்று சில மொழிபெயர்ப்புகளில் பார்க்கிறேன், அது சிரிப்புக்குச் சான்றிதழ் கொடுப்பதாகிறது. இடத்துக்கேற்ப ‘ஒத்திகை பார்த்த சிரிப்பு’ என்றோ ‘தொழில்முறைச் சிரிப்பு’ என்றோ எழுதுவேன். கைக்கு வரும்போது ‘தேர்ந்த கை’, ‘பழகிய கை’ இரண்டும் நன்றாகவே பொருந்துகின்றன.

பூச்சரம் எழுதியது:

கைக்கு ‘பிராக்டிஸ்டு’ நிற்கட்டும், சிரிப்புக்கு ‘ஹாபிச்சுவல்’ என்று மாற்றிக்கொள்கிறேன். சேலையை விரிக்கும் வீச்சுக்குப் பெயரடை போடாமல், வினையிலேயே அதைக் கொண்டுவந்துவிட்டேன். தொகுப்பாளன் சொன்னது அந்த இடத்துக்கு முழுவதும் பொருந்தியது. கடைசியாக ஒன்று. ‘வெல் பிராக்டிஸ்டு’ என்று எழுதினால் நடுவில் இணைப்புக்குறி வேண்டுமா?

அடிக்குறிப்பு எழுதியது:

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் இணைப்புக்குறி போடுங்கள். வாக்கியத்தின் பயனிலையாகப் பின்னால் வந்தால் தேவையில்லை. ‘ஹைலி’ போன்ற ‘லி’ ஈற்று வினையடைகளுக்குப் பின்னால் எங்கேயும் போடக்கூடாது. ஆனால் உங்கள் வாக்கியத்தில் ‘வெல்’ வேண்டாம் என்று பரிந்துரைக்கிறேன். திரும்பத் திரும்பச் செய்ததன் நிறைவு அந்தப் பெயரடைக்குள்ளேயே இருக்கிறது.

பதிப்பகத்துக்கு அனுப்புவதற்கு முன் அவர்கள் பிரித்தானிய எழுத்துக்கூட்டலைக் கேட்கிறார்களா அமெரிக்க எழுத்துக்கூட்டலைக் கேட்கிறார்களா என்று உறுதி செய்துகொண்டு, கோப்பின் மொழித் தேர்வை அதற்கேற்ப மாற்றிவிட்டு, ஒரு முறை முழுவதும் தேடிப் பாருங்கள். பிரித்தானிய முறை என்றால் பெயர்ச்சொல்லாக வரும் இடங்களில் ‘எஸ்’ நுழைந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வினையைத் திருத்தும் வேகத்தில் பெயரையும் மாற்றிவிடுவது மெய்ப்பில் அடிக்கடி நேர்கிறது.